களரியில் போனை நட்டு வைக்கும் முன்: உடலசைவுக் கணிப்பிலும் மெய்நிகர் கேமராவிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டம், குலசேகரம், கருங்கல் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் தங்கள் ஆசானின் அடிமுறைச் சுவடுகளை, அதாவது தென்பகுதித் தற்காப்புக் கலையின் காலடி வரிசைகளை, கணினியில் பத்திரப்படுத்த ஆசைப்படுகிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்தும் இதே விருப்பத்தோடு வருகிறார்கள். அங்கே இதைத் தெக்கன் களரி என்பார்கள். திட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். நாலைந்து போனைச் சுற்றிலும் வைத்துப் பிடிப்பது, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று மென்பொருளைக் கொண்டு கண்டுபிடித்து முப்பரிமாண எலும்பு வடிவம் எடுப்பது, அப்புறம் எந்தப் போனும் இல்லாத ஒரு கோணத்திலிருந்து, ஆசானின் தலைக்கு மேலிருந்தோ எதிராளியின் கண்ணிலிருந்தோ, அந்த அசைவைப் பார்ப்பது. இப்படி இல்லாத இடத்தில் வைக்கும் கேமராதான் மெய்நிகர் கேமரா. அருமையான வேலை, செய்ய முடிகிற வேலையும்கூட. ஆனால் முதல் முயற்சியில் முழங்கை ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாகப் போனதும் மூட்டுகளைக் கண்டுபிடிக்கும் மாடலான ஓப்பன்போஸை விட்டு அதே மாதிரி இன்னொன்றான மீடியாபைப்புக்கு மாறுகிறார்கள், அதுவும் சரிவரவில்லை என்று அடுத்ததைத் தேடுகிறார்கள். மாடலில் இருக்கும் கோளாறு கொஞ்சம்தான். பெரும்பாலான கோளாறு படம் பிடித்த முற்றத்திலேயே நடந்து முடிந்திருக்கும், அதைப் பின்னால் எந்த மாடலைப் போட்டும் சரிக்கட்ட முடியாது.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: உங்களுக்கு வேண்டியது எலும்பு வடிவமா, கண்ணுக்கு நிஜமாகத் தெரிகிற காட்சியா? இரண்டையும் ஒரே வேலையாக நினைப்பதில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். மூட்டு எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட, கேமராக்கள் ஒன்றையொன்று விட்டு நன்றாக விலகி நிற்க வேண்டும். இரண்டு கேமராவும் ஆசானைப் பார்க்கும் கோணங்களுக்கு நடுவே 10 டிகிரிதான் இடைவெளி என்றால், பக்கவாட்டில் 1 செ.மீ. பிழை ஆழத்தில் 11 செ.மீ. பிழையாக நீண்டுவிடும், 90 டிகிரி என்றால் இரண்டும் சமம். ஆனால் புதிய கோணத்தில் நிஜக் காட்சியை உருவாக்குவதற்குக் கேட்பது நேர் எதிர். பக்கத்துப் பக்கத்துக் கேமராக்கள் ஏறக்குறைய ஒன்றையே பார்த்தால்தான் நடுவில் இருப்பதை நிரப்ப முடியும். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் தகேயோ கனாடே 1990களில் இந்த வேலையைத் தொடங்கியபோது 51 கேமராக்களைக் கவிழ்த்த கும்பம் மாதிரி அமைத்தார். 2001இல் சூப்பர் பவுல் எனும் அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் மைதானத்தைச் சுற்றி 30க்கும் மேற்பட்ட கேமராக்கள் நின்றன. அதே பல்கலைக்கழகத்தின் பிற்காலத்துப் பனோப்டிக் ஸ்டுடியோவில் சிறு கேமராக்கள் மட்டும் 480. நாலு போனை வைத்துக்கொண்டு அந்த மாதிரி நிஜக் காட்சியை எதிர்பார்த்தால் மனம்தான் நோகும். ஆனால் அதே நாலு போனைச் சரியாக வைத்தால் நல்ல எலும்பு வடிவம் கிடைக்கும். அதன்மேல் எஸ்எம்பிஎல் மாதிரி ஓர் உடல் மாடலைப் போர்த்தினால் மேலிருந்தும் பின்னாலிருந்தும் தாராளமாகச் சுற்றிப் பார்க்கலாம். முகம் தெரியாது, வேட்டியின் மடிப்பு தெரியாது, சுவடு தெரியும். சுவடு படிக்க வேண்டியவர்களுக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, ஒரே போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஆசானைச் சுற்றி நடப்பது. கோயில் தூணைச் சுற்றி நடந்து எடுத்தது அவ்வளவு அழகாக வந்ததே, ஆசான் மட்டும் ஏன் புகையாகக் கலைகிறார் என்று கேட்கிறார்கள். பல படங்களிலிருந்து முப்பரிமாணக் காட்சியை உருவாக்கும் முறைகளான 2020இல் வந்த நெர்ஃபும் 2023இல் வந்த காஸியன் ஸ்பிளாட்டிங்கும் அடிப்படையில் எதிரில் இருப்பது அசையாது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுபவை. நீங்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் ஆசான் அடுத்த அடிக்குப் போய்விட்டால், இரண்டு நேரத்து உடலை ஒரே உடலாக ஒட்டப் பார்த்து அது குழம்புகிறது. அசைகிற மனிதருக்கென்று தனியாக நீட்டிய முறைகள் இருக்கின்றன, அவற்றுக்கும் ஒரே கணத்தில் பல கண் இருந்தால்தான் தெம்பு.

ஒரே கணம் என்றேன். இந்த வேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போன் வினாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கிறது என்றால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே 33 மில்லிவினாடி. வேகமாக வீசும் கை வினாடிக்கு 10 மீட்டர் போகிறது என்று வையுங்கள், அந்த இடைவெளியில் 33 செ.மீ. போய்விடும். இரண்டு போன் ஒரு ஃபிரேம் தள்ளி ஓடினால் ஒன்றுக்குத் தெரியும் மணிக்கட்டும் மற்றொன்றுக்குத் தெரியும் மணிக்கட்டும் ஒரு முழங்கை நீளத்துக்கு விலகி நிற்கின்றன, இரண்டையும் சேர்த்து மென்பொருள் எங்கோ காற்றில் ஒரு கையை வரைகிறது. நிற்கும்போது எல்லாம் சரியாக இருக்கும், அடிக்கும்போது மட்டும் கை பிய்த்துக்கொண்டு போகும். இந்த அறிகுறியைப் பார்த்தால் மாடலைத் தொடாதீர்கள், நேரத்தைப் பாருங்கள்.

சரி, கைதட்டி ஒலியை வைத்து ஒத்திசைக்கலாமே என்பீர்கள். செய்யலாம், ஆனால் தட்டுகிறவர் எங்கே நிற்கிறார் என்பது முக்கியம். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும்; ஒரு போனுக்குப் பக்கத்தில் நின்று தட்டினால், அதைவிட 10 மீட்டர் தள்ளியிருக்கும் போனுக்கு அது கிட்டத்தட்ட 29 மில்லிவினாடி தாமதமாகக் கேட்கும். ஏறக்குறைய ஒரு முழு ஃபிரேம் அங்கேயே போயிற்று. எல்லாப் போனுக்கும் சம தூரத்தில் நடு முற்றத்தில் நின்று தட்டுங்கள், தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை. முடிவில் எதற்கு என்றால், பல போன்கள் 30 என்று சொல்லிக்கொண்டே வெளிச்சம் குறைந்தால் ஃபிரேமைக் குறைத்துக்கொள்ளும், ஆக இடையில் நேரம் நழுவும். இரண்டு தட்டுக்கும் நடுவே எல்லா வீடியோவும் ஒரே நீளம்தானா என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். முடிந்தால் 120 ஃபிரேமில் எடுங்கள்.

ஷட்டரும் இதோடு சேர்ந்ததுதான். ரப்பர் விளைக்கு நடுவில் இருக்கும் களரி, மேகம் மூடிய இடவப்பாதி மழைக்காலம், போன் தானாகவே ஷட்டரை 1/50 வினாடிக்கு இறக்கிவிடும். அதே கை அந்த நேரத்துக்குள் 20 செ.மீ. இழுபட்டு மங்கலாகப் பதியும். 1/1000 என்றால் 1 செ.மீ. அதற்கு வெளிச்சம் வேண்டும், ஆகவே கூரைக்குள் விளக்கொளியில் எடுத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்ற ஆசையை விட்டுவிட்டு மழை இல்லாத பகலில் முற்றத்துக்கு வாருங்கள். ஆசானை மெதுவாகச் செய்யச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். "மெதுவாச் செய்தா அது அடி இல்ல மக்கா" என்பார், அது உண்மை. மெதுவாகச் செய்யும்போது எடை வேறு காலில் விழும், இடுப்பு வேறு மாதிரி திரும்பும்.

அடுத்தது கேலிபரேஷன், அதாவது ஒவ்வொரு போனின் லென்ஸும் உலகத்தை எப்படி வளைத்துக் காட்டுகிறது, அது எங்கே எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கணக்கெடுப்பது. சதுரங்கக் கட்டம் அச்சடித்த அட்டையைக் காட்டித்தான் இன்றைக்கும் பலரும் செய்கிறார்கள். அந்தக் காகிதத்தை அப்படியே கையில் பிடித்தால் வளையும். லேமினேட் செய்தால் வெயிலில் பளபளத்துக் கட்டம் மறையும். கண்ணாடி மீதோ தட்டையான பலகை மீதோ சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். இந்தக் கணக்கைப் போடும் ஓப்பன்சிவி மென்பொருள் கேட்பது கட்டங்களின் எண்ணிக்கையை அல்ல, உள்ளே கட்டங்கள் சந்திக்கும் மூலைகளின் எண்ணிக்கையை. 10க்கு 7 கட்டம் என்றால் 9க்கு 6 என்று கொடுக்க வேண்டும். இதில் தவறினால் அது அட்டையையே கண்டுபிடிக்காது, நீங்கள் அச்சு சரியில்லை என்று திரும்பத் திரும்ப அச்சடித்துக்கொண்டிருப்பீர்கள். அப்புறம் அட்டையை நடுவில் மட்டும் நேராகக் காட்டிவிட்டுப் பிழை அரை பிக்சல்தான் என்று மகிழ வேண்டாம். சாய்த்து, திருப்பி, கிட்ட, தூர, படத்தின் நாலு மூலைக்கும் கொண்டுபோய்க் காட்டாவிட்டால் அந்தச் சிறிய எண்ணுக்கு மதிப்பில்லை, ஓரத்தில் நிற்கிறவரின் கால் கோணலாகத்தான் வரும்.

போனுக்கென்று சில தனித் தொல்லைகளும் உண்டு. வீடியோ நடுக்கத்தைக் குறைக்கும் வசதி ஒவ்வொரு ஃபிரேமையும் வெட்டி வளைக்கிறது, ஆகவே நீங்கள் கணக்கெடுத்த லென்ஸ் ஒவ்வொரு நொடியும் வேறு லென்ஸாகிவிடுகிறது. அதை அணைத்துவிட்டு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஃபோகஸ், வெளிச்சம், நிறம் மூன்றையும் பூட்டுங்கள். ஃபோட்டோவில் கேலிபரேட் செய்துவிட்டு வீடியோவில் எடுப்பதும் தப்பு, பல போன்களில் இரண்டுக்கும் பார்வை அகலம் வேறு. வீடியோவைச் சின்ன அளவுக்கு மாற்றினால் லென்ஸின் குவியத்தூரத்தையும் மையப் புள்ளியையும் அதே விகிதத்தில் சுருக்க வேண்டும். முக்கியமாக, கேலிபரேஷன் முடிந்த பிறகு யாராவது ஸ்டாண்டைத் தட்டிவிட்டால் அந்தப் போனின் நிலையை மறுபடி எடுத்தே ஆக வேண்டும், களரியில் சின்னப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

மெய்நிகர் கேமராவில் பலரையும் நாள்கணக்கில் சுற்ற வைப்பது அச்சுகளின் திசை. ஓப்பன்சிவியிலும், படங்களிலிருந்து கேமராக்களின் இடத்தைக் கண்டுபிடிக்கும் கோல்மேப்பிலும் ஒய் அச்சு கீழ்நோக்கியும் இசட் அச்சு கேமராவுக்கு முன்னாலும் போகும். முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டரில் கேமராவின் ஒய் மேல்நோக்கி, இசட் பின்னால். போதாததற்கு கோல்மேப் எழுதித் தருவது உலகத்திலிருந்து கேமராவுக்குப் போகும் மாற்றம், நெர்ஃப் வகையறா கேட்பது கேமராவிலிருந்து உலகத்துக்கு. ஆசான் தலைகீழாகத் தெரிந்தாலோ எல்லாக் கேமராவும் வெளிப்பக்கம் பார்த்து நின்றாலோ இதுதான் காரணம். கோல்மேப் தரும் உலகத்துக்கு மீட்டர் கணக்கும் கிடையாது. நீளம் தெரிந்த ஒரு சிலம்பக் கம்பை முற்றத்தில் கிடத்தி ஒருமுறை படம் பிடித்துவைத்தால் பின்னால் அளவு கண்டுகொள்ளலாம்.

இப்போது மாடலுக்கு வருவோம். இந்த மாடல்கள் கற்றுக்கொண்டது பெரும்பாலும் அன்றாடப் படங்களிலிருந்து. முப்பரிமாணத்துக்குப் பெயர்போன ஹியூமன்3.6எம் தொகுப்பில் இருப்பவர்கள் மொத்தம் 11 பேர், எல்லாம் உள்ளறையில், நடப்பதும் உட்காருவதும் போன் பேசுவதுமாக. தரையோடு தரையாகத் தாழ்ந்து நிற்கும் சுவடு அதற்கு அந்நியம். முழங்கால் வரை தொங்கும் வேட்டிக்குள் முழங்காலை அது பார்ப்பதில்லை, ஊகிக்கிறது, ஊகித்ததையும் தெளிவான புள்ளியாகவே போட்டுக் காட்டும். தார்ப்பாய்ச்சிக் கட்டச் சொல்லுங்கள், பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும் நிறத்தில். முதுகைக் காட்டித் திரும்பும்போது இடது வலது மாறிப்போகும், அந்த ஃபிரேம்களைக் கண்ணால் பார்த்துத் திருத்தத்தான் வேண்டும். இரண்டு பேர் நெருங்கிப் பின்னிக்கொள்ளும் இடத்தில் ஒருவர் கையை மற்றவருக்கு ஒட்டிவிடும்; மீடியாபைப்பின் போஸ் மாடல் முதலில் ஒருவருக்காகச் செய்தது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் அது தரும் நம்பிக்கை எண் 0.9 என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு சரி என்று அர்த்தமில்லை.

அடிமுறைக்காரர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டியது கை. கோகோ என்ற படத் தொகுப்பின் வகை எலும்பு வடிவத்தில் 17 புள்ளிகள், கை மணிக்கட்டோடு முடிந்துவிடும். மீடியாபைப்பின் 33 புள்ளிகளில் பெருவிரல், சுட்டுவிரல், சுண்டுவிரல் ஓரளவு உண்டு. வர்மத்தில் விரல் எப்படி மடங்குகிறது, எது முன்னே நிற்கிறது என்பதில்தானே எல்லாம் இருக்கிறது. கைக்கென்றே இருக்கும் 21 புள்ளி மாடலைத் தனியாக ஓட்டி, அதற்கென்று ஒரு போனைக் கிட்டத்தில் வைக்காவிட்டால், நீங்கள் பத்திரப்படுத்துவது விரலில்லாத ஒரு அடிமுறையை. கம்பும் அப்படியே, எந்த உடல் மாடலிலும் கம்புக்குப் புள்ளி கிடையாது. இரண்டு முனையிலும் நிற நாடா ஒட்டித் தனியாகத் தொடர வேண்டும்.

நடுங்கும் புள்ளிகளைச் சமன்செய்வதிலும் அளவு மிஞ்சிவிடுகிறது. வழுவழுவென்று ஓடினால் சரியாக இருக்கிறது என்று தோன்றும், ஆனால் அடி போய்ச் சேரும் அந்த நொடியின் கூர்மையை அதே வடிகட்டி தின்றிருக்கும். வேகத்துக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்ளும் ஒன் யூரோ ஃபில்டர் மாதிரியானதைப் போட்டு, சமன்செய்வதற்கு முன்னும் பின்னும் வீடியோவின் மேலேயே எலும்பை வரைந்து ஒப்பிடுங்கள்.

சரியா தப்பா என்று சோதிக்க எளிய வழி இருக்கிறது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள நீளத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் அளந்து பாருங்கள். மனிதனின் கை நீளம் மாறாது. நின்றபடி இருக்கும்போதே மாறினால் கேலிபரேஷன், வேகத்தில் மட்டும் மாறினால் நேரம், ஓரத்துக்குப் போகும்போது மாறினால் லென்ஸ் வளைவு என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம். காட்சி உருவாக்கினால் ஒரு கேமராவைப் பயிற்சியில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்து, அந்த இடத்திலிருந்து உருவான காட்சியை நிஜப் படத்தோடு ஒப்பிட வேண்டும். சேர்த்த கேமராவின் கோணத்திலேயே பார்த்து அழகு என்று சொன்னால் அதில் ஒன்றும் தெரியாது.

அனுமதி வாங்கும்போது பலரும் "வீடியோ எடுக்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். யாரும் படம் பிடிக்காத கோணத்திலிருந்தும் அவர் உடலைக் காட்ட முடியும் என்பதை ஆசானுக்கும் மாணவர்களுக்கும் திரையில் காட்டியே விளக்குங்கள், சிறுவர் சிறுமியர் என்றால் பெற்றோரிடமும். எந்தச் சுவட்டை வெளியே காட்டலாம், எது களரிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதை ஆசான்தான் சொல்ல வேண்டும், அதுவும் எடுப்பதற்கு முன்னால்.

எடுத்த வீடியோக்களை ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேர்க்காதீர்கள், அது சுருக்கிப் பிக்சலைக் குறைத்துவிடும். கேபிள் போட்டு மூலக் கோப்பை அப்படியே எடுத்து, எந்தப் போன் எந்த மூலையில் நின்றது என்ற குறிப்பையும் சதுரங்க அட்டை வீடியோவையும் அதே ஃபோல்டரில் போட்டு, இரண்டு தனி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். ஒன்று களரியில் இருக்கட்டும்.