முன்னறிவைத் தட்டி எழுப்பும்போது ஆசிரியர்கள் செய்யும் தவறுகள்

தொழில்நுட்ப மாணவர்களுக்கு வாசிப்பு வகுப்பு எடுக்கத் தொடங்கியிருக்கும் சிலரின் வகுப்புகளில் அண்மையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பத்தியைப் படிக்கும் முன் மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை, அதாவது முன்னறிவை, நினைவுக்குக் கொண்டுவருவதில் நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். பாடப்பகுதியைத் தானே படிக்காமல் வருவது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தவறான முன்னறிவை எழுப்பிவிட்டு அப்படியே படிக்கச் சொல்வது

இன்றும் என்னை எரிச்சல்படுத்துவது இதுதான். பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த தொடர்ச்சுற்று பற்றிய பத்தி ஒன்றைக் கொடுக்கும் முன், "மின்னோட்டத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டேன். "பல்பு மின்னோட்டத்தைச் செலவழிக்கும்" என்றார் ஒரு மாணவர். உற்சாகம் குறையக் கூடாதே என்று அதையும் பலகையில் எழுதினேன்.

சுற்றின் எல்லா இடத்திலும் மின்னோட்டம் சமம் என்று பத்தியில் தெளிவாகவே இருந்தது. படித்து முடித்த பிறகும் பாதிப் பேர், முதல் பல்பைத் தாண்டியதும் மின்னோட்டம் குறையும் என்றே எழுதினார்கள். பல்பில் மின்னாற்றல் ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுகிறது என்ற அடுத்த வரியைத் தங்கள் எண்ணத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். சொற்கள் அவர்களுக்குப் புரியாமல் இல்லை. பலகையில் நான் எழுதிவைத்த வரியை மனதில் வைத்துக்கொண்டே படித்தார்கள். பிறகு ஆய்வகத்தில் பல்புக்கு முன்னும் பின்னும் வைத்த, மின்னோட்டத்தை அளக்கும் இரண்டு அம்மீட்டர்களும் ஒரே அளவைக் காட்டியபோது, மீட்டர் பழுது என்றார்கள். அதைச் சரிசெய்யப் பல வகுப்புகள் போயின.

இப்போது பொதுவாகக் கேட்பதில்லை. "பல்புக்கு முன்னால் ஓர் அம்மீட்டர், பின்னால் ஓர் அம்மீட்டர். எது அதிகம் காட்டும், ஏன்?" என்று கேட்டு, ஒவ்வொருவரையும் விடை எழுத வைக்கிறேன். பிறகு அந்த விடையோடு மோதும் வரியைப் பத்தியில் தேடி அடிக்கோடிடச் சொல்கிறேன். அப்படி ஒரு வரி பத்தியில் இல்லையென்றால் நானே மேலே எழுதிக் கொடுக்கிறேன்: "மின்னோட்டம் செலவாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. மாறுவது ஆற்றல்தான்."

தெரிந்தது, தெரிந்துகொள்ள விரும்புவது, கற்றுக்கொண்டது என்ற மூன்று நெடுவரிசைகள் கொண்ட அட்டவணையை (KWL) வாசிப்புக் கல்வியாளர் டோனா ஓகிள் 1986இல் முன்வைத்தார். அதைப் பலர் பயன்படுத்துகிறார்கள், நல்ல கருவிதான். அதன் முதல் தலைப்பை மட்டும் 'தெரிந்தது' என்று போடாமல், 'தெரியும் என்று நினைப்பது' என்று மாற்றிவிடுங்கள்.

பின்னணியைப் படித்த பிறகு சொல்வது

துணி துவைப்பதைப் பற்றி, தலைப்பே இல்லாமல் பூடகமாக எழுதிய ஒரு பத்தியை வைத்து உளவியலாளர்கள் பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் 1972இல் சோதித்தார்கள். விஷயம் இன்னதென்று முன்னாலேயே தெரிந்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டு நினைவில் வைத்தார்கள். படித்த பிறகு சொல்லப்பட்டவர்களுக்கு அது உதவவில்லை. அதனால் ஓர் இயந்திரத்தைப் பற்றிய பத்தி என்றால், அந்த இயந்திரத்தின் படமும் அது எதற்கு என்ற ஒரு வரியும் பத்திக்கு முன்பே வர வேண்டும்.

பழகிய சொல்லைச் சும்மா விடுவது

புதுச் சொல்லுக்கு மாணவர்களே பொருள் கேட்பார்கள். 'வேலை', 'திறன்' போன்றவற்றைக் கேட்கவே மாட்டார்கள். ஒரு மணி நேரம் சுவரைத் தள்ளினாலும் அது நகராவிட்டால், இயற்பியலின்படி சுவரின் மேல் செய்யப்பட்ட வேலை சுழியம். இந்தச் சொற்களைத்தான் முதலில் எடுத்துப் பேச வேண்டும்.

முன்னுரையிலேயே நேரத்தைத் தீர்ப்பது

பத்து நிமிடம் போதும்.

ஒப்புமை உடையும் இடத்தைச் சொல்லாமல் விடுவது

மின்னோட்டத்துக்குத் தண்ணீர்க் குழாயை உதாரணம் காட்டினால், உடனே இதையும் சொல்லிவிடுங்கள்: குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், கம்பியை வெட்டினால் மின்னோட்டம் நின்றுவிடும்.