ஒன்பதாம் வகுப்பில் மனநலப் பாடம் நடத்துவது எப்படி?

மனநோய்களில் பல முதன்முதலாகத் தலைகாட்டுவது பள்ளிப் பருவத்தில்தான். 192 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2021இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, இந்நோய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும் ஏறத்தாழப் பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுவதாகக் கண்டது. அந்த வயதில் பிள்ளைகள் நாள்தோறும் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால், இந்தப் பாடம் பள்ளிக்கூடத்துக்கு ஏன் வர வேண்டும் என்பது விளங்கிவிடும். தமிழ்நாட்டுப் பள்ளிகளைப் பொறுத்தவரை இதற்கு ஏற்ற வகுப்பு ஒன்பதாம் வகுப்பே என்பது என் உறுதியான கருத்து. பத்தாம் வகுப்பைப் பொதுத்தேர்வு முழுதாக விழுங்கிவிடுகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பலருக்குத் தம் மனநிலையைச் சற்று விலகி நின்று பார்க்கும் பக்குவம் அப்போதுதான் அரும்பத் தொடங்கியிருக்கும்.

நோய்களின் பெயர்களையும் அறிகுறிகளையும் ஒப்பிக்கச் செய்வது இப்பாடத்தின் நோக்கமாக இருக்கக் கூடாது. தனக்கோ தோழனுக்கோ துன்பம் வந்தால் யாரிடம், எந்தச் சொற்களில் போய்ச் சொல்வது என்பது மாணவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கேட்கும் பெரியவருக்கு அடுத்து என்ன செய்வது என்பது தெரிந்திருக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் எவ்வளவு அழகாக நடத்திய வகுப்பும் வீணாகிவிடும். ஆகையால் கீழே சொல்லப்படும் வேலைகளில் பாதி, கரும்பலகைக்கு முன்னால் நிற்பதற்கு முன்பே முடிக்க வேண்டியவை.

முதலில் பெரியவர்களை ஆயத்தப்படுத்துதல்

வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே ஏதாவதொரு பிள்ளை வந்து பேசக்கூடும். அப்படி வரும் பிள்ளையிடம் யார் பேசுவது, எந்த அறையில் பேசுவது, பேசிய பின் யாருக்குத் தகவல் சொல்வது என்ற மூன்றையும் தலைமையாசிரியருடன் உட்கார்ந்து முடிவுசெய்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் அணுகத் தயங்காத ஓர் ஆசிரியையையும் ஓர் ஆசிரியரையும் பொறுப்பாளர்களாக அமர்த்துவது நல்லது. ஒழுங்கு நடவடிக்கைக்குப் பொறுப்பான ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரை இதற்கு அமர்த்த வேண்டாம். தண்டனை தருபவரிடம் மனத்தைத் திறக்கப் பிள்ளைகள் அஞ்சுவார்கள். அறையைப் பொறுத்தவரை, உள்ளே பேசுவது வெளியே கேட்காததாகவும், அதே வேளையில் வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் தெரியும்படியும் இருக்க வேண்டும். ஆசிரியர்கள் கூடும் ஓய்வறையின் மூலை இதற்கு ஒருபோதும் ஆகாது.

அடுத்து, மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவு எந்தக் கிழமைகளில், எந்த நேரத்தில் இயங்குகிறது என்பதை ஒருமுறை நேரில் சென்று அறிந்து வர வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் பணியாற்றும் குழுவினரிடம் பள்ளியின் பெயரைச் சொல்லி அறிமுகமாகிக்கொண்டால், பின்னாளில் ஒரு பிள்ளையை அனுப்பும்போது பெற்றோர் அங்கே அலைமோதி நிற்க நேராது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இவ்விரு எண்களையும் ஆசிரியர்களே ஒருமுறை அழைத்துப் பார்த்து, மறுமுனையில் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு பிள்ளைகளுக்குக் கொடுத்தால், அவற்றைப் பற்றிச் சொல்லும் சொல்லில் ஓர் உறுதி இருக்கும்.

பெற்றோரை அழைக்கும் கடிதத்தில் தேர்வு பயம், தூக்கம், கைபேசி, பிள்ளையின் கோபம் ஆகியவற்றைப் பற்றிப் பேசப்போவதாக எழுதினால் வருவார்கள். 'மனநோய் விழிப்புணர்வுக் கூட்டம்' என்று எழுதினால், தம் பிள்ளைக்கு ஏதோ பெயர் சூட்டப்போகிறார்கள் என்ற அச்சம் அவர்களைத் தடுத்துவிடும். கூலி வேலைக்குச் செல்வோர் நிறைந்த ஊரில் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மேல் வைப்பதே முறை. பிள்ளைக்கு மந்திரித்துக் கயிறு கட்டிய தாயிடம் அது மூடநம்பிக்கை என்று வாதிடுவதால் ஒரு பயனும் இல்லை. கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை நிறுத்தச் சொல்லாமல், மருத்துவரையும் பாருங்கள் என்று சொல்வதே கேட்கப்படும் சொல். மனநோயாளிகளை அழைத்துச் செல்லும் தர்கா உள்ள ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, அவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பற்றி 28 பேர் இறந்ததை அறிந்த மூத்தவர்கள் எந்தக் கூட்டத்திலும் சிலர் இருப்பார்கள். அந்தத் துயரத்தை நினைவூட்டி, வழிபாட்டைக் குறை சொல்லாமல், சிகிச்சை இல்லாமல் அடைத்து வைப்பதுதான் கொடுமை என்று எடுத்துச் சொல்லலாம்.

யார் நடத்துவது?

இக்கேள்விக்கு பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் நடந்து 2018இல் முடிவுகள் வெளியான ஆய்வு ஒரு சங்கடமான விடையைத் தருகிறது. அங்கே 74 பள்ளிகளில் ஒரே வகையான நலத்திட்டத்தைச் சில பள்ளிகளில் வெளியிலிருந்து அமர்த்திப் பயிற்சி தரப்பட்ட ஆலோசகர்களும், சில பள்ளிகளில் ஆசிரியர்களும் நடத்தினார்கள். ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் சூழல் மேம்பட்டது, மாணவர்களின் மனச்சோர்வும் ஒருவரை ஒருவர் துன்புறுத்துவதும் குறைந்தன; ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் அத்தகைய பலன் தெரியவில்லை. இதை ஆசிரியர்களின் குறையாக நான் கருதவில்லை. பாடம், பதிவேடு, தேர்வுப் பணி, தேர்தல் பணி என்று ஏற்கெனவே சுமை ஏறிய தோளில் இன்னொன்றை வைத்தால் எது முதலில் கீழே விழும் என்பதை யாரும் ஊகிக்கலாம். வெளியாள் கிடைத்தால் அவரைக் கொண்டு நடத்துவது மேல்; கிடைக்காத பள்ளிகளில், பொறுப்பேற்கும் ஆசிரியருக்குப் பாடம் நடக்கும் ஆறு வாரமாவது வேறொரு வேலையைத் தலைமையாசிரியர் குறைத்துத் தர வேண்டும்.

எப்படி நடத்துவது என்பதில் ஐரோப்பிய அனுபவம் கைகொடுக்கிறது. பத்து நாடுகளில் 168 பள்ளிகளில் 11,110 மாணவர்களைக் கொண்டு நடந்து 2015இல் வெளியான ஆய்வில், மாணவர்களே நடித்துப் பார்த்தும் கலந்து பேசியும் கற்ற ஐந்து மணி நேரத் திட்டத்தில் பங்கேற்றோரிடையே, ஓராண்டுக்குப் பின் தற்கொலை முயற்சிகள் ஒப்பீட்டுக் குழுவில் இருந்ததில் பாதிக்கும் குறைவாக இருந்தன. ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி தந்த குழுவில் அப்படியொரு தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. மறுபுறம், கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும் மனக்குவிப்புப் பயிற்சியை 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு சோதித்த பிரிட்டன் ஆய்வு, அது வழக்கமான வகுப்புகளைவிடக் கூடுதல் பலன் தரவில்லை என்று 2022இல் அறிவித்தது. நல்லெண்ணத்தோடு செய்வதெல்லாம் பலன் தந்துவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நடித்தும் பேசியும் பழகும் வகுப்புக்கு ஓரளவு சான்று இருப்பதால் அதையே நான் பரிந்துரைக்கிறேன்.

ஆறு பாடவேளைகள்

நீதிபோதனைக்கோ நூலகத்துக்கோ ஒதுக்கிய பாடவேளையை வாரம் ஒன்றாக ஆறு வாரத்துக்கு எடுத்துக்கொண்டால் போதும். முதல் பாடவேளையில் எந்த நோயின் பெயரையும் சொல்லாதீர்கள். துன்பத்தின் படிகளைப் பிரித்தறிவதே அன்றைய பாடம். காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய இரவில் வயிற்றைப் பிசைவது அன்றாட மனஅழுத்தம். அது இல்லாவிட்டால் படிக்கவே உட்கார மாட்டோம். பாட்டி இறந்த பிறகு பல வாரங்கள் அழுகை வருவது பெரிய இழப்புக்கு மனம் காட்டும் இயல்பான எதிர்வினை. அதற்கு உறவும் ஆறுதலும் வேண்டும், மருந்து வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும் மனம் சோர்ந்தோ எதிலும் நாட்டமற்றோ கிடந்து, அதனோடு தூக்கம், உணவு, படிப்பு ஆகியவையும் கெட்டுப்போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதை மருத்துவர்தான் உறுதிசெய்ய வேண்டும். இப்பிரிவினை தெளிவாகாமல் நோய்ப் பட்டியலுக்குள் போனால், எல்லாக் கவலையையும் நோயென்று எண்ணும் பழக்கம் பிள்ளைகளிடம் படிந்துவிடும். பதின்பருவத்தில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாக வெளிப்படலாம் என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். திமிர் என்று அடி வாங்கும் பல பிள்ளைகளை அது காப்பாற்றும்.

இரண்டாம் பாடவேளையில் மனச்சோர்வு, பதற்ற நோய், எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி), மனச்சிதைவு ஆகிய நான்கையும் சுருக்கமாக அறிமுகப்படுத்தி, இவற்றுக்குச் சிகிச்சை உண்டு என்பதில் நேரத்தைச் செலவிடலாம். மனச்சோர்வுக்கான மருந்து முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும், அது போதைப்பொருள் அல்ல, மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது என்பவற்றைச் சொன்னால், வீட்டில் மருந்து சாப்பிடும் உறவினரைப் பற்றியும் பிள்ளைகளுக்கு ஒரு தெளிவு பிறக்கும்.

மூன்றாவதும் நான்காவதும்தான் இத்திட்டத்தின் உயிர். ஒரு கதையைப் பலகையில் எழுதுங்கள். கபடி அணியில் இருந்த ஒருவன் மூன்று வாரமாக மைதானத்துக்கு வரவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறான், வகுப்பில் தூங்கி வழிகிறான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து இரண்டு வாய் எடுத்துவிட்டு மூடிவிடுகிறான். தங்கையிடம் எரிந்து விழுகிறான். என்ன மாறியிருக்கிறது, எத்தனை நாளாக, அதனால் எதைச் செய்ய முடியாமல் போயிற்று என்று கேளுங்கள். 'லவ் ஃபெயிலியர் சார்' என்று ஒருவன் சொல்லி வகுப்பே சிரிக்கும். சிரித்து முடிக்க விட்டு, காரணம் எதுவாயினும் அவனிடம் என்ன சொல்வாய் என்று திரும்பக் கேளுங்கள். பெரும்பாலோர் அறிவுரை சொல்வார்கள். அப்போது இருவர் இருவராக எழுந்து நின்று பேசிப் பார்க்கச் செய்ய வேண்டும்.

'நீ கிரவுண்டுக்கு வர்றதே இல்ல, சரியா சாப்பிடறதும் இல்ல. என்னாச்சுடா? சொல்லு, நான் கேக்குறேன்.'

இவ்வளவுதான் தோழன் சொல்ல வேண்டியது. கண்டதைச் சொல்லி, கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருக்கப் பழக்குவதற்கு ஒரு பாடவேளை முழுதும் பிடிக்கும். நான்காம் பாடவேளையில் அதே தோழன் ஆசிரியையிடம் வருகிறான்.

'மிஸ், என் ஃப்ரெண்டப் பத்தி ஒண்ணு சொல்லணும். உங்ககிட்ட சொல்லப்போறேன்னு அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்.'

'வந்து சொன்னது நல்லதுப்பா. இத நான் எனக்குள்ளயே வச்சுக்க முடியாது. ஆனா யார்கிட்ட சொல்லப்போறேன்னு முதல்ல அவன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.'

ஆசிரியையின் அந்த விடையை வகுப்பு முழுதும் கேட்க வேண்டும். எந்த இரகசியத்தைக் காக்க முடியும், எதைக் காக்க முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. தற்கொலை எண்ணத்தையும் உயிருக்கு ஆபத்தான எதையும் பெற்றோரிடமோ மருத்துவரிடமோ சொல்லியாக வேண்டும். பாலியல் வன்முறை பற்றித் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் தருவது கட்டாயம். பள்ளியின் பெயருக்காக அதை மறைப்பது குற்றம்.

ஐந்தாம் பாடவேளை தற்கொலை பற்றியது. இதற்கு மட்டும் மாவட்ட மனநலக் குழுவிலிருந்து ஒருவரை உடன் வைத்துக்கொள்வது அவசியம் என்பேன். எந்த முறையையும் விவரிக்கக் கூடாது. செய்தித்தாளில் வந்த எந்த மாணவரின் மரணத்தையும் எடுத்துக்காட்டாகப் பேசக் கூடாது. நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற அச்சம் ஆதாரமற்றது என்பதையும், 'சாகணும்போல இருக்கா?' என்று கனிவாகக் கேட்பது பேச வழிதிறக்கும் என்பதையும் கற்றுத் தர வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்காமல், கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகக் கொண்டு பராமரிக்க வேண்டும் என்பதே 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் நிலைப்பாடு. வகுப்பு முடிந்ததும் பொறுப்பாசிரியர்கள் இருவரும் அன்று மாலை வரை பள்ளியிலேயே இருக்க வேண்டும். பள்ளியில் அண்மையில் ஒரு மாணவர் இறந்திருந்தால் இப்பாடத்தை நிறுத்திவிட்டு மருத்துவர்களின் வழிகாட்டலைப் பெறுங்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அதைப் பற்றி ஒலிபெருக்கியில் பேசுவது மிகவும் தவறு.

ஆறாம் பாடவேளையைத் தூக்கத்துக்கும் (இவ்வயதில் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும்) மாணவர் கேள்விகளுக்கும் விட்டுவிடலாம். கேள்விகளைப் பெயரில்லாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். அன்றிரவே எல்லாவற்றையும் படித்துவிட வேண்டும், ஏனெனில் சில சீட்டுகளில் கேள்வி இருக்காது, உதவி கேட்கும் குரல் இருக்கும். எழுதியவர் யார் என்று கையெழுத்தை வைத்து வகுப்பில் துப்புத் துலக்காமல், 'இப்படி எழுதியவர் நாளை என்னைப் பார்க்கலாம், பொறுப்பாசிரியரையும் பார்க்கலாம்' என்று எல்லோர் முன்பும் பொதுவாகச் சொல்லி, பார்க்கும் நேரத்தையும் அறையையும் குறிப்பிட வேண்டும். உடனடி ஆபத்தைக் காட்டும் சீட்டு மட்டும் விதிவிலக்கு. எழுதியவரை அன்றே தேடித் தனியாகப் பேச வேண்டும்.

முதல் பாடவேளைக்கு முன்பும் ஆறாவதற்குப் பின்பும், இப்பாடத்தையொட்டி நீங்கள் தயாரித்த அதே பத்துக் கேள்விகளைப் பெயரில்லாமல் நிரப்பச் சொல்லி ஒப்பிடுங்கள். மூன்று மாதம் கழித்து, பொறுப்பாசிரியர்களிடம் எத்தனை பிள்ளைகள் தாமாக வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் மருத்துவமனை வரை போய்ச் சேர்ந்தார்கள் என்று பாருங்கள். பிந்தைய எண்ணிக்கையே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பணியிட மாறுதலில் பொறுப்பாசிரியர் வேறு ஊருக்குச் செல்ல நேர்ந்தால், மருத்துவமனைத் தொடர்புகளையும், அப்போது சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளின் விவரத்தையும், அந்தந்தப் பிள்ளையின், பெற்றோரின் சம்மதத்தோடு, புதிதாகப் பொறுப்பேற்பவரிடம் நேரில் ஒப்படைத்துவிட்டுச் செல்ல வேண்டும்.