எஸ்போசித்தோ: ஓர் இத்தாலியக் குடும்பப் பெயரின் பிறப்பிடத்தையும் பரவலையும் கண்டறிவது எப்படி?

1889இல் இத்தாலிய அரசி மார்கரிட்டாவுக்காக அவர் பெயரிலேயே ஒரு பீட்சாவைச் செய்து கொடுத்தவர் என்று நேப்பிள்ஸ் நகரத்தார் பெருமையாகச் சொல்லும் சமையல்காரர் ரஃபாயேலே எஸ்போசித்தோ. அந்தக் கதை எவ்வளவு உண்மை என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு ஐயம் உண்டு, அது இருக்கட்டும். அமெரிக்க நடிகர் ஜான்கார்லோ எஸ்போசித்தோவின் தந்தை நேப்பிள்ஸ்காரர். கனடாவில் பிறந்து ஐஸ் ஹாக்கியில் புகழ்பெற்ற ஃபில், டோனி சகோதரர்களும் எஸ்போசித்தோக்கள். இன்டர் மிலான் கால்பந்து அணியின் இளம் வீரர் பியோ எஸ்போசித்தோ பிறந்தது நேப்பிள்ஸுக்குச் சற்றுத் தெற்கே, காஸ்தெல்லாமாரே தி ஸ்தாபியாவில்.

இவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பெரிய குலத்தின் கிளைகள் என்று நினைக்கத் தோன்றும். ஃபில்லும் டோனியும் உடன்பிறந்தவர்கள் என்பதைத் தவிர, அப்படி நினைக்க எந்த ஆதாரமும் இல்லை. இத்தாலியில் மிகப் பரவலான ஐந்து குடும்பப் பெயர்கள் ரோஸ்ஸி, ருஸ்ஸோ, ஃபெர்ராரி, எஸ்போசித்தோ, பியாங்கி. இவற்றில் எஸ்போசித்தோ மட்டும் தனி ரகம். ஒரு பெயர் எப்படிப் பிறந்தது என்ற கேள்விக்கும், ஏன் இத்தனை பேருக்கு இருக்கிறது என்ற கேள்விக்கும் ஒரே விடை கிடைக்கும் அரிய பெயர் அது. ஆகவே இதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, எந்த இத்தாலியக் குடும்பப் பெயரையும் ஆராயும் முறையைப் பார்ப்போம். இத்தாலிய மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இணைய வசதியும் ஒரு குறிப்பேடும் போதும்.

படி 1: எழுத்தையும் ஒலியையும் சரிசெய்துகொள்ளுங்கள்

எஸ்போசித்தோ (இத்தாலிய எழுத்தில் Esposito) என்பதில் அழுத்தம் 'போ'வில் விழும். 'சி'யை நீட்டி அழுத்துவது வெளிநாட்டு வழக்கம். பெயரின் மாற்று வடிவங்களையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்போசித்தோ (Sposito), எஸ்போஸ்தி (Esposti), தெல்யி எஸ்போஸ்தி (Degli Esposti). பழைய பதிவேடுகளை எழுதிய குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியவர்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு வடிவத்திலும் தம்பி இன்னொரு வடிவத்திலும் பதிவாகியிருக்கலாம். ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு தேடினால் பாதி ஆட்கள் கண்ணில் படாமலே போவார்கள்.

படி 2: பெயர் எந்த வகை என்று பாருங்கள்

இத்தாலியக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் பிறந்தவை. முதலாவது முன்னோர் பெயர்: தி ஜொவான்னி, தெ லூக்கா, தாஞ்செலோ. இரண்டாவது ஊர்: ரோமானோ, நாப்போலித்தானோ, ஜெனொவேசே. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ரோமில் இருப்பவனை யாரும் 'ரோமாக்காரன்' என்று அழைப்பதில்லை. அவன் வேறோர் ஊருக்குக் குடிபெயர்ந்த பிறகுதான் அந்தப் பெயர் ஒட்டும். எனவே ஊர்ப்பெயர் காட்டுவது கிளம்பிய இடத்தை; பெயர் பிறந்தது போய்ச் சேர்ந்த இடத்தில். மூன்றாவது தொழில்: ஃபெர்ராரி என்றால் கொல்லர். இதுவே தெற்கே ஃபெர்ராரோ, வடமேற்கிலுள்ள பியெமோந்தே பகுதியில் ஃபெர்ரேரோ. நான்காவது பட்டப்பெயர்: ரோஸ்ஸி, ருஸ்ஸோ இரண்டும் செம்பட்டை முடிக்காரரையோ சிவந்த முகத்தாரையோ குறித்தவை. முன்னது வடக்கிலும் நடுப்பகுதியிலும் மிகுதி, பின்னது தெற்கில்.

பெயரின் ஈறும் உதவும். 'இ' என்று முடிந்தால் வடக்கு அல்லது நடு இத்தாலியாக இருக்க வாய்ப்பு அதிகம். ட்ரெவிசான், ஸானோன் என்று 'ன்' ஒலியில் முடிந்தால் வெனிஸ் வட்டாரம். பீராஸ், மேலிஸ் என்று 'ஸ்' வந்தால் சார்டினியா தீவு. இவை குறிப்புகள் மட்டுமே; சான்றுகள் ஆகா.

எஸ்போசித்தோ இந்த நான்கிலும் அடங்காது. 'வெளியே வைக்கப்பட்டவர்' என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெற்றோரால் வளர்க்க முடியாமல் விடப்பட்ட குழந்தைக்கு இடப்பட்ட பெயர் அது.

படி 3: வரைபடத்தைப் பாருங்கள், ஆனால் எச்சரிக்கையோடு

குடும்பப் பெயரைத் தட்டச்சு செய்தால் இத்தாலியின் எந்த மாகாணத்தில் எத்தனை குடும்பங்கள் என்று நிறமிட்டுக் காட்டும் தளங்கள் உண்டு. கோக்னோமிக்ஸ் (Cognomix) அவற்றில் ஒன்று. எஸ்போசித்தோ என்று இத்தாலிய எழுத்தில் இட்டால் காம்பானியா பகுதி, குறிப்பாக நேப்பிள்ஸ், அடர்ந்து தெரியும். நேப்பிள்ஸ் நகரில் முதலிடம் வகிக்கும் பெயர் இதுதான்.

மிலான், தூரின் பக்கமும் கணிசமாகத் தெரியும். அதைக் கண்டு பெயருக்கு வடக்கிலும் வேர் உண்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1950களிலும் 60களிலும் தெற்கிலிருந்து பெருந்திரளான மக்கள் வடக்கின் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடிப் போனார்கள். பெயரும் உடன் போனது. ஆகவே எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், அந்த ஊரின் மக்கள்தொகையில் எத்தனை பங்கு என்றும் பாருங்கள். பெருநகரங்களை விட்டுவிட்டுச் சிற்றூர்களைப் பார்ப்பது இன்னும் நல்லது. பெயரின் பழைய நிலம் சிற்றூர்களில்தான் துலங்கும்.

படி 4: அந்த ஊரின் வரலாற்றுக்குள் போங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். வரைபடம் நேப்பிள்ஸைக் காட்டிவிட்டது. ஏன் நேப்பிள்ஸ்?

நகரின் பழைய பகுதியான ஃபோர்செல்லாவில் அன்னுன்ஸியாத்தா என்ற திருத்தலமும் அதை ஒட்டிய காப்பகமும் இருக்கின்றன. 14ஆம் நூற்றாண்டிலிருந்து இயங்கிய அறநிலையம் அது. அதன் சுவரில் மரத்தாலான ஒரு சுழல் உருளை பொருத்தியிருந்தார்கள். வெளியே நிற்பவர் குழந்தையை அதில் வைத்துச் சுழற்றுவார். உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்வார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. வறுமை, மணமாகாத தாய்க்கு வரும் பழி, இன்னொரு வயிற்றுக்குச் சோறு போட முடியாத நிலை என்று காரணங்கள் பல.

உள்ளே வந்த குழந்தையின் கழுத்தில் ஈய வில்லை ஒன்றைக் கட்டினார்கள். வந்த நாள், உடுத்தியிருந்த துணி, உடன் வைக்கப்பட்ட பொருள் எல்லாம் பேரேட்டில் ஏறின. சில தாய்மார்கள் பதக்கத்தின் பாதியை உடைத்துக் குழந்தையோடு வைத்துவிட்டு மறுபாதியைத் தங்களிடம் வைத்துக்கொள்வார்கள், என்றாவது திரும்பி வந்து அடையாளம் காட்டி மீட்டுக்கொள்ளலாம் என்று. இந்தப் பிள்ளைகளை நேப்பிள்ஸ் மக்கள் 'மாதாவின் பிள்ளைகள்' என்று அழைத்தார்கள். இரக்கமும் பக்தியும் கலந்த பெயர். பேரேட்டில் விழுந்த சொல் எஸ்போசித்தோ.

இப்போது பரவல் விளங்கும். ஓர் அறநிலையம் நூற்றாண்டுகளாக, ஒன்றுக்கொன்று இரத்தத் தொடர்பு இல்லாத குழந்தைகளுக்கு ஒரே பெயரைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அப்படிப் பெயர் பெற்று, வளர்ந்து மணந்த ஒவ்வோர் ஆணும் தன் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தான். ரோஸ்ஸிக்கும் பல தொடக்கங்கள் உண்டு. ஆனால் எஸ்போசித்தோ ஒரே கட்டடத்திலேயே ஆயிரக்கணக்கான தடவை தொடங்கிய பெயர். இரண்டு எஸ்போசித்தோக்கள் சந்தித்தால் அவர்களுக்குள் உறவு என்று ஊகிக்கப் பெயர் எந்த ஆதாரமும் தராது. பெண் குழந்தைகளுக்கும் இதே பெயர்தான். ஆனால் மணமானபின் அவர்கள் பெற்ற பிள்ளைகள் தந்தையின் பெயரையே பெற்றதால் அந்தத் தடம் வரைபடத்தில் தெரியாது.

1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸை ஆண்ட, நெப்போலியனின் மைத்துனர் ஜோவாக்கிம் முரா, பிறப்பைக் காட்டிக்கொடுக்கும் இத்தகைய பெயரை இனி இடக்கூடாது என்று தடுத்தார். அதன்பின் புனிதர் பெயர், பொருள் பெயர் என்று குழந்தைக்குக் குழந்தை வேறு வேறு பெயர்களை அதிகாரிகள் புதிதாகக் கட்டினார்கள். சுழல் உருளை 1875இல் மூடப்பட்டது. இன்றும் அதைப் போய்ப் பார்க்கலாம்.

படி 5: இதே கதையுள்ள மற்றப் பெயர்களோடு ஒப்பிடுங்கள்

ஒரு பெயரைத் தனியாகப் பார்ப்பதைவிட, அதன் வகையைச் சேர்ந்த மற்றப் பெயர்களோடு வைத்துப் பார்த்தால் முடிவு உறுதிப்படும். ஃபிளாரன்ஸில் புரூனெல்லெஸ்கி 1419இல் கட்டத் தொடங்கிய இன்னொசென்தி காப்பகத்துக்கு 1445 பிப்ரவரி 5 அன்று முதல் குழந்தை வந்தது. அன்று புனித ஆகத்தாவின் திருநாள் என்பதால் ஆகத்தா ஸ்மெரால்தா என்று பெயரிட்டார்கள். இன்னொசென்தி (Innocenti), தெல்யி இன்னொசென்தி (Degli Innocenti) என்ற பெயர்கள் ஃபிளாரன்ஸைச் சுற்றிய தஸ்கனிப் பகுதியில் பரவியதில் அந்தக் காப்பகத்துக்குப் பங்குண்டு. ரோம் வட்டாரத்தில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இடப்பட்ட பெயர் ப்ரொயேத்தி (Proietti). மிலானில் 1456இல் தொடங்கிய பெரிய மருத்துவமனையின் சின்னம் புறா. அங்கு வந்த குழந்தைகளுக்கு இட்ட பெயர், புறா என்று பொருள்படும் கொலம்போ (Colombo). இலங்கைத் தலைநகருக்கும் இதற்கும் தொடர்பில்லை. எல்லாக் கொலம்போக்களும் கைவிடப்பட்டவர்களின் வழிவந்தவர்களும் அல்லர்: ஜெனோவாவில் பிறந்த கொலம்பஸின் இத்தாலியப் பெயரும் கொலம்போதான்.

வரைபடத் தளத்தில் இந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக இட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு நகரத்தைச் சுற்றி நிற்கும்.

படி 6: பதிவேடுகளில் இறங்குங்கள்

இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்கள் நடத்தும் அன்தெனாத்தி (Antenati) தளத்தில் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். எல்லாவற்றையும் பெயரிட்டுத் தேட முடியாது. ஊரைத் தேர்ந்து, ஆண்டைத் தேர்ந்து, பதிவேட்டைத் திறந்து, அதிலுள்ள பெயர் அட்டவணையைப் பாருங்கள். நாத்தி (Nati) என்றால் பிறப்பு, மாத்ரிமோனி (Matrimoni) திருமணம், மோர்த்தி (Morti) இறப்பு. மூன்று சொற்கள் போதும், ஓரளவு ஓட்டிவிடலாம்.

நேப்பிள்ஸ் ராஜ்ஜியத்தில் அரசுப் பதிவு தொடங்கியது 1809இல், சிசிலியில் 1820இல், ஒன்றுபட்ட இத்தாலியில் 1866இல். அதற்கு முந்தியவற்றுக்குத் தேவாலய ஏடுகள்தான் கதி. 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் திருமண, திருமுழுக்கு (ஞானஸ்நான) ஏடுகளைக் கட்டாயமாக்கியது. அவை பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பங்குக் கோவிலிலோ, ஆயரின் மறைமாவட்டக் காப்பகத்திலோ இருக்கும். கடிதம் எழுதித்தான் கேட்க வேண்டும்.

நேப்பிள்ஸ் போன்ற நகரில் பதிவேடுகள் வட்டாரவாரியாகப் பிரிந்திருக்கும். எந்த வட்டாரம் என்று தெரியாமல் நுழைந்தால், எஸ்போசித்தோ என்ற பெயருக்கே அட்டவணையில் பக்கம் பக்கமாகப் போகும். இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி மனைவியின் பெயரைப் பிடிப்பது. இத்தாலியப் பதிவுகளில் மணமான பெண்கள் தம் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார்கள். அந்தப் பெயர் அரிதானதாக இருந்தால் அதிர்ஷ்டம். அதைப் பின்தொடர்ந்தால் சரியான எஸ்போசித்தோ தானே அகப்படுவார்.

தெற்கு இத்தாலியில் இன்னொரு புதையல், திருமணத்துக்காகத் தாக்கல் செய்த இணைப்பு ஆவணங்கள். மணமக்களின் திருமுழுக்கு நகல், இறந்துபோன பெற்றோரின் இறப்புச் சான்று, சில வேளைகளில் தாத்தாவின் சான்றுகூட அதில் இருக்கும். 1809க்கு முன்பு பிறந்தவரைப் பற்றி அரசு ஆவணத்திலேயே அறிந்துகொள்ள இதுதான் வாசல்.

தேடும்போது ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள். அரசுப் பதிவு தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அந்தப் பெயருக்கு முரா விதித்த தடையும் வந்துவிட்டது. எனவே ஒரு குடும்பத்தின் முதல் எஸ்போசித்தோ பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டிலோ அதற்கு முன்போ பிறந்தவராக இருப்பார். பதிவில் தந்தைக்கும் அதே பெயர் இருந்தால் இன்னும் மேலே ஏறலாம். 'பெற்றோர் அறியப்படாதவர்' என்று வந்தால் அந்தக் கிளை அங்கே நின்றுவிடும்.

படி 7: கடல் கடந்தவர்கள்

1876க்கும் 1976க்கும் இடையே ஏறத்தாழ 2.6 கோடிப் பேர் இத்தாலியை விட்டுப் போனார்கள். அமெரிக்கா, அர்ஜென்டினா, பிரேசில் எங்கும் இப்பெயர்கள் உண்டு. நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பேரப்பிள்ளைகள் சொல்வது வழக்கம். கப்பல் பயணிகள் பட்டியல் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதப்பட்டது; எல்லிஸ் தீவில் அதைச் சரிபார்க்க மட்டுமே செய்தார்கள். மாற்றம் பெரும்பாலும் பின்னாளில், பள்ளியிலும் வேலையிடத்திலும் நடந்தது. ஆகவே பயணிகள் பட்டியலில் இத்தாலிய எழுத்துக்கூட்டலையே தேடுங்கள். சொந்த ஊரின் பெயரும் அங்கே கிடைக்கக்கூடும்.

'உங்கள் குடும்பச் சின்னம்' என்று வாளும் சிங்கமும் போட்ட படத்தை விற்கும் கடைகளுக்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள். சின்னம் குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்கு உரியது. அதே பெயர் கொண்ட எல்லோருக்கும் அல்ல. எஸ்போசித்தோ என்ற பெயருக்கே சின்னம் விற்கிறார்கள் என்றால் அந்த வணிகத்தின் இலட்சணம் புரியும்.

பயிற்சிக்கு ஒரு பெயர் தருகிறேன். வீரமாமுனிவரின் இயற்பெயர் கொஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி. 1680இல் வட இத்தாலியில், மாந்தோவா வட்டாரத்துக் காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரேயில் பிறந்தவர். பெஸ்கி என்பதை இத்தாலிய எழுத்தில் எப்படி எழுதுவார்கள் என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். 'க' ஒலிக்கு அவர்கள் மூன்று எழுத்து வழிகள் வைத்திருக்கிறார்கள். பிறகு ஈற்றைப் பாருங்கள், வரைபடத்தில் இட்டு நிறம் எங்கே கூடுகிறது என்று பாருங்கள், அவருடைய சொந்த ஊர் அதற்கு எவ்வளவு அருகில் என்று அளந்து பாருங்கள். அவர் பிறந்த ஆண்டை வைத்து, அரசுப் பதிவேட்டைத் திறப்பதா தேவாலய ஏட்டைத் தேடுவதா என்று நீங்களே முடிவு செய்யலாம்.