மும்பையில் கல்லூரிக் களை உள்ள ஏரியாவில் வீடு தேடுவது எப்படி?

படிப்பு முடிந்து வேலைக்கு வந்த பிறகும், கல்லூரி இருக்கும் தெருவில்தான் மனசு ஒட்டுகிறதா? மும்பையில் முதல்முறை வீடு தேடுகிறீர்கள் என்றால் இந்த வரிசையில் போங்கள்.

படி 1: கல்லூரிகள் கூட்டமாக இருக்கும் இடத்தைப் பிடியுங்கள்

பெரிய வளாகம் ஒன்று இருந்தால் மட்டும் போதாது. பவாயில் ஐஐடி இருக்கிறது. ஆனால் ஹாஸ்டல், மெஸ், மைதானம் எல்லாமே மதிலுக்கு உள்ளே. மாட்டுங்காவைப் பாருங்கள். 1887-இல் தொடங்கிய வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரி, 1933-இல் தொடங்கிய ஐ.சி.டி. வேதித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம், அப்புறம் ருயா, போடார், கால்சா கல்லூரிகள் என எல்லாம் நடந்து போகிற தூரம். டீ, ஜெராக்ஸ், அரட்டை எல்லாவற்றுக்கும் பிள்ளைகள் தெருவுக்குத்தான் வருகிறார்கள். அந்தத் தெருதான் உங்களுக்கு வேண்டும்.

படி 2: சாயங்காலம் நடந்து பாருங்கள்

மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கி ருயா நாக்கா (ருயா கல்லூரி முனை), ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா, கிங்ஸ் சர்க்கிள் என்று ஒரு சுற்று வாருங்கள். கையில் அதிகம் காசில்லாத ஒருவர் இங்கே ஒரு மாலையைக் கழிக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள். காசு கொடுக்காமல் உட்கார மரத்தடி உண்டா? வயிறு நிறைய மலிவாகச் சாப்பிட முடியுமா? கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் உண்டு. ஒரு பாடப்புத்தகத்தை எடுத்துப் புரட்டுங்கள்: முதல் பக்கத்தில் ஒரு பெயரை அடித்துவிட்டு இன்னொரு பெயர், ஓரங்களில் பென்சில் குறிப்பு. இப்படிப் புத்தகம் கைமாறும் இடத்தில் குடியிருப்பது பெரிய கொடுப்பினை என்பேன்.

படி 3: மே மாதம் இன்னொரு முறை போங்கள்

இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விடுமுறையில் ஷட்டர்கள் இறங்கி ஏரியாவே வெறிச்சோடினால், அது வெறும் ஹாஸ்டல் பேட்டை. மாணவர் போனாலும் ஊர் இருக்க வேண்டும். மாட்டுங்காவில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள், பூக்கடை, வாழை இலை, காப்பிப்பொடி வாசனை, ஆஸ்திக சமாஜம் கோயில் எல்லாம் வருஷம் முழுக்க உண்டு.

படி 4: மழையை விசாரியுங்கள்

கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் பகுதியில் கனமழைக்குத் தண்ணீர் தேங்குவது ஊரறிந்த விஷயம். வீடு பார்க்கும்போது கீழ்வீட்டில் கேளுங்கள்: "மாமி, இந்தப் படியில தண்ணி எது வரைக்கும் ஏறும்?" புரோக்கர் சொல்லாததை மாமி சொல்லிவிடுவார். சுவரில் ஈரக்கறை தெரிந்தால் தரைத்தளம் வேண்டவே வேண்டாம்.

படி 5: பணமும் காகிதமும்

மாட்டுங்காவில் வாடகை அதிகம்தான். கட்டுப்படியாகாவிட்டால் வடாலா, சயான் பக்கம் பாருங்கள். நடந்தோ பஸ்ஸிலோ வந்துவிடலாம். டெபாசிட், புரோக்கர் கமிஷன் இரண்டையும் முதலிலேயே பேசிவிடுங்கள். இங்கே பெரும்பாலும் 11 மாத லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம்தான், அதாவது குறிப்பிட்ட காலம் தங்க மட்டும் அனுமதி தருவது. 11 மாதமே ஆனாலும் மகாராஷ்டிரத்தில் அதைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்ய வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. கல்யாணமாகாதவர் என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் சொசைட்டி (குடியிருப்போர் சங்கம்) செயலாளரிடமே நேரில் பேசி, அனுமதி உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.