வேட்டைப் பணம் ஊருக்குப் போகிறதா? பார்ப்பது எப்படி

நமீபியாவின் வடகிழக்கு மூலையில் சாம்பேசி என்றொரு பகுதி இருக்கிறது. 2013 வரை அதன் பெயர் கப்ரிவி. நான் வின்ட்ஹூக்கில் கணக்கு வேலை பார்க்கிறேன். வருடத்துக்கு இரண்டு முறை அங்கே போய் ஒரு ஊர்க் குழுவின் வரவு செலவைச் சரிபார்த்துக் கொடுப்பேன். பணம் கட்டி வேட்டையாட வருகிறவர்களுக்கு அங்கே குறிப்பிட்ட எண்ணிக்கையில் விலங்குகளைச் சுட அனுமதி உண்டு; அந்த வருமானம் ஊர்க் குழுவுக்குச் சேர வேண்டியது. "மிருகத்தைச் சுட அனுமதித்துவிட்டு மிருகத்தை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?" என்று நம்ம ஊரிலிருந்து நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், அந்தக் குழுவின் கணக்கு நோட்டுகளைப் பாருங்கள் என்பேன். எதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில், உரிமை யாருடையது என்று கேளுங்கள். 1967இலிருந்தே வெள்ளைக்காரப் பண்ணையார்களுக்குத் தங்கள் நிலத்து விலங்குகளால் வருமானம் பார்க்கும் உரிமை இருந்தது. பொது நிலத்தில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு அது 1996 சட்டத்தில்தான் கிடைத்தது. அந்தச் சட்டப்படி பதிவான ஊர் அமைப்பைக் கன்சர்வன்சி என்பார்கள். முதல் நான்கு 1998இல் பதிவாயின. இன்று எண்பதுக்கும் மேல். எல்லை, உறுப்பினர் பட்டியல், குழு, சட்டதிட்டம், வருமானத்தைப் பங்கிடும் திட்டம் எல்லாம் இருந்தால்தான் பதிவு. உறுப்பினர் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது பழசாகிக் கிடந்தால் மற்றதும் அப்படித்தான் இருக்கும்.

அடுத்தது கோட்டா. எந்த விலங்கில் எத்தனையைச் சுடலாம் என்பதை நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதிக்கிறது. அதற்கு ஆதாரம் ஊர்க் காவலர்களின் பதிவுகள். நிகழ்வுப் புத்தகம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். காவலர் நடந்து போகும்போது பார்த்த தடம், செத்த விலங்கு, யானை மிதித்த சோளக்கொல்லை எல்லாம் மஞ்சள் தாளில் ஏறும். மாதத் தொகுப்பு நீலத் தாள். வருடக்கணக்கில் நீளும் வரைபடம் சிவப்பு. நான் முதலில் பிரிப்பது சிவப்பைத்தான். எருமையின் எண்ணிக்கை மூன்று நான்கு வருடமாக இறங்கிக்கொண்டிருக்க, கோட்டா மட்டும் அப்படியே நின்றால், காரணம் கேட்காமல் அடுத்த பக்கம் போகாதீர்கள்.

சரி, எதைச் சுடுகிறார்கள்? இதை நேரில் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவர் இரண்டு எருமை மண்டையோடுகளைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்றில் இரு கொம்புகளும் நெற்றியில் சேரும் இடம் பாறைபோல் இறுகி, தேய்ந்து, மயிரே இல்லை. இன்னொன்றில் நடுவில் மயிர் ஓடியது, விரலால் தொட்டால் விளிம்பு மெத்தென்றிருந்தது. முதலாவது கிழம், மந்தையை விட்டு ஒதுங்கித் திரிந்தது. இரண்டாவது இன்னும் முதிரவில்லை, அதைச் சுட்டது தப்பு. அதனால் சுட்ட விலங்கின் நெற்றிப் படத்தைக் கேளுங்கள். வேட்டைக்காரரின் சிரிப்பு தெரியும் படத்தை வைத்து வயது சொல்ல முடியாது.

இனி, வேட்டைக்காரர்களை அழைத்து வரும் நிறுவனத்தோடு குழு போடும் ஒப்பந்தம். என் தொழில் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். கோட்டாவில் உறுதித் தொகை உள்ள பகுதி எவ்வளவு என்று பாருங்கள். அது இருந்தால், விலங்கு சுடப்பட்டாலும் படாவிட்டாலும் நிறுவனம் பணம் கட்ட வேண்டும். பணம் குழுவின் வங்கிக் கணக்குக்கே நேராக வர வேண்டும்; தலைவரின் கைக்கு வரக்கூடாது. விலை அமெரிக்க டாலரில் இருக்கும், கட்டுவது நமீபிய டாலரில். எந்த நாள் மாற்று விகிதம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். ஒரு வருடம் அது எழுதப்படவில்லை. நிறுவனம் தனக்குச் சாதகமான நாளை எடுத்துக்கொண்டது. ஊருக்குப் போன நஷ்டம் ஒரு காவலரின் மூன்று மாதச் சம்பளம். அதை முன்கூட்டியே பார்க்காமல் விட்டேனே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

காவலர் சம்பளத்தை வைத்துக் கணக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுற்றுலா விடுதிகள் ஆற்றங்கரையில்தான் வருகின்றன. உள்ளே தள்ளியிருக்கும் காட்டுக்குப் படமெடுக்க யார் போகிறார்கள்? அங்கே காவலருக்குச் சம்பளம் தருவது பெரும்பாலும் வேட்டைப் பணம். அந்தக் காவலர்தான் கள்ள வேட்டைக் கண்ணியை அகற்றுகிறார், யானைச் சாணத்தில் மிளகாய்த்தூள் பிசைந்து காயவைத்து இரவில் கொல்லையோரம் புகையவிடச் சொல்லித் தருகிறார். வால்பாறைப் பக்கம் யானையோடு வாழ்கிறவர்களுக்கு இந்தப் பாடு விளங்கும். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த வழியை அடைத்துவிட்டது; நிலமும் நெருக்கமும் வேறு. இதை அங்கே கொண்டுபோக நான் சொல்லவில்லை.

இறைச்சிப் பட்டியலையும் விடாதீர்கள். எருமை விழுந்த மறுநாள் எந்த ஊருக்கு எவ்வளவு போனது என்று கையெழுத்தோடு இருக்க வேண்டும். வரிசையில் எனாமல் பேசினோடு நிற்கும் பெண்களிடம் பேசுங்கள், முக்கியமாக அலுவலகத்திலிருந்து ரொம்பத் தூரத்து ஊர்க்காரர்களிடம்.

அப்புறம் ஒரே கேள்வி: போன ஆண்டுக் கூட்டத்தில் மிச்சம் எவ்வளவு என்று சொன்னார்கள்? போன முறை ஒரு பாட்டி தொகையைச் சொல்லிவிட்டு, ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஏன் இன்னும் வரவில்லை என்று என்னைத் திருப்பிக் கேட்டார். பதிலுக்காகக் குழுச் செயலாளரைக் கூப்பிட்டேன்.