ஒரு பகலில் போய்வரும் மலைநடை: பாதையும் பையும் ஷூவும்

மலைநடையில் புதிதாக ஆர்வம் கொள்பவர்கள் பெரும்பாலும் தொலைவிலுள்ள புகழ்பெற்ற சிகரம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்கான விடுமுறையும் பணமும் துணையும் ஒன்றாகக் கூடிவரும் நாளுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அதைவிட நல்ல தொடக்கம் ஒன்று உண்டு. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய ஒரு குன்றையோ, காட்டோரப் பாதையையோ, ஏரிக்கரையையோ தேர்ந்தெடுத்து, காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்புமாறு நடந்து, அதே பாதைக்கு மீண்டும் மீண்டும் செல்லுங்கள். முதல் முறை கண்ணில் படாத கிளைவழியும் நிழல்தரும் இடமும் மழைக்குப் பின் வழுக்கும் பாறையும் மூன்றாம், நான்காம் முறைகளில் தாமாகவே நினைவில் பதிந்துவிடும். எந்த ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, எத்தனை தண்ணீர் தேவைப்படுகிறது என்ற கணக்கும் அறிந்த பாதையில்தான் தெளிவாகப் பிடிபடும்.

பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது தொலைவை மட்டும் பார்ப்பது போதாது. ஏற்றத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது. கிடைத்தளத்தில் ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணி நேரமும், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் மேலும் ஒரு மணி நேரமும் என்பதே அது. போகவர 10 கிலோமீட்டரும் மொத்த ஏற்றம் 450 மீட்டரும் கொண்ட பாதைக்கு, இந்தக் கணக்கின்படி இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். ஆனால் இது நல்ல உடற்பயிற்சி உடையவர் ஓய்வின்றி நடக்கும் கணக்கு. புதியவர்களும் குழந்தைகளுடன் செல்பவர்களும் இதனுடன் பாதி நேரத்தையாவது கூட்டி, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

மொத்த நேரம் தெரிந்தவுடன், எத்தனை மணிக்கு எங்கிருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக அந்த நேரத்தைத் தள்ளிப்போடக் கூடாது. ஒருநாள் நடையில் நேரும் சிக்கல்களில் பல, இறங்கும் வழியில் இருட்டிவிடுவதிலிருந்தே தொடங்குகின்றன. கைக்கடிகாரமோ கைபேசியோ உதவாத நிலையில், கையை முழுவதுமாக நீட்டி, விரல்களைக் கிடையாக வைத்து, சூரியனுக்கும் தொடுவானத்துக்கும் இடையே எத்தனை விரல்கள் அடங்குகின்றன என்று பாருங்கள். சூரியன் மறைய ஒரு விரலுக்கு ஏறத்தாழ 15 நிமிடம் இருக்கிறது என்று கொள்ளலாம். சூரியனை நேராக உற்றுப் பார்க்காமல் இதைச் செய்ய வேண்டும். பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் வெளிச்சம் இன்னும் முன்னதாகவே மங்கிவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாதையின் வரைபடத்தை வீட்டிலேயே கைபேசியில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், ஆனால் வரைபடம் கைபேசியில் இருந்தால்தான் அதனால் பயன். ஃபிளைட் மோடில் வைத்தால், சிக்னலைத் தேடித் தேடி பேட்டரி தீர்ந்துபோவதைத் தவிர்க்கலாம். வரைபடத்திலுள்ள சம உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்தான சரிவு, விலகியிருந்தால் மெல்லிய சரிவு என்பதை அறிந்தால், மூச்சு வாங்கப்போகும் இடம் முன்கூட்டியே தெரிந்துவிடும். செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுவது எந்தக் கருவியையும்விட முதன்மையானது. தனியாகச் செல்பவர்கள் இதை ஒருபோதும் விடக் கூடாது.

பணத்தைச் செலவிட வேண்டிய பொருள் ஒன்று உண்டென்றால் அது ஷூதான். கனத்த, கணுக்காலை மூடும் பூட்ஸ் எல்லாருக்கும் தேவையில்லை. சீரான பாதையில் ஒரு பகல் நடப்பதற்கு, அடிப்பகுதியில் நல்ல பிடிப்புடைய இலகுவான ஷூ போதும். அதை மாலையில் வாங்குங்கள், ஏனெனில் நாள் முழுவதும் நின்றும் நடந்தும் இருக்கும்போது பாதங்கள் சற்று வீங்குகின்றன. நடக்கும்போது அணியப்போகும் அதே சாக்ஸுடன் போட்டுப் பார்த்து, மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலமாவது இடம் இருக்கிறதா என்றும், சாய்தளத்தில் இறங்கிப் பார்த்தால் விரல் நுனி முன்பக்கத்தில் முட்டாமல் இருக்கிறதா என்றும் சரிபாருங்கள். இந்த இரண்டாவது சோதனையைச் செய்யாதவர்களுக்கு, நீண்ட இறக்கத்துக்குப் பின் கால் நகங்கள் கறுத்துவிட வாய்ப்புண்டு.

குதிகால் ஷூவுக்குள் மேலும் கீழும் நகர்ந்தால் லேஸ் கட்டும் முறையை மாற்றிப் பாருங்கள். மேல் முனையில் அடுத்தடுத்து இரண்டு துளைகள் உள்ள ஷூவில், லேஸை எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டு செல்லாமல் அதே பக்கத்தின் கடைசித் துளைக்குள் நுழைத்துச் சிறு வளையம் ஒன்றை உண்டாக்குங்கள். மறுபக்கமும் அவ்வாறே செய்து, ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்தின் வழியே விட்டுக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சிடுங்கள். குதிகால் அப்படியே பிடிபட்டு நிற்கும். முன்பாதத்தில் இறுக்கமும் அதிகமாகாது. இரண்டே நிமிட வேலை இது, கொப்புளத்தைத் தடுப்பதில் விலையுயர்ந்த பல பொருள்களைவிட அதிகம் உதவுகிறது.

உராய்வும் ஈரமும் வெப்பமும் சேர்ந்தே கொப்புளத்தை உண்டாக்குகின்றன. பாதத்தில் ஓரிடம் சூடாக உறுத்தத் தொடங்கியவுடன், இன்னும் சற்று நடந்துவிட்டுப் பார்க்கலாம் என்று எண்ணாமல், உடனே நின்று சாக்ஸைக் கழற்றி, தோலைத் துடைத்து உலர்த்தி, அங்கே மருத்துவ ஒட்டுநாடாவைச் சுருக்கமின்றி ஒட்டுங்கள். நெடுங்காலம் அலமாரியில் கிடந்த பழைய ஷூவை நம்பி நேராகப் பாதைக்குச் செல்வதும் சரியல்ல. அடிப்பாகத்தின் உட்பகுதி பாலியூரித்தேன் என்னும் நுரைபோன்ற பிளாஸ்டிக்கால் ஆனதாக இருந்தால், காற்றின் ஈரப்பதத்தால் அது சில ஆண்டுகளில் சிதைந்து, நடக்கும்போதே அடிப்பாகம் பெயர்ந்துவிடக்கூடும். முந்தைய வாரத்தில் வீட்டைச் சுற்றிச் சில கிலோமீட்டர் நடந்து பார்த்துவிடுங்கள்.

உடையைப் பொறுத்தவரை, பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொண்டு நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். கடும் வெயிலில் அது குளிர்ச்சி தரலாம். ஆனால் காற்று வீசும் உச்சியில் அதே ஈரம் உடல் வெப்பத்தைப் பறித்துவிடும். உயரம் ஒவ்வொரு 1000 மீட்டர் கூடும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஆகவே விரைவில் உலரும் பாலியஸ்டர் சட்டை ஒன்றும், காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய மேலாடை ஒன்றும் இருந்தால் ஒரு பகலுக்கு அநேகமாகப் போதும். விளையாட்டுக்கோ உடற்பயிற்சிக்கோ அணியும் சட்டையே இதற்கு உதவும் என்பதால், தனியாக எதுவும் வாங்க அவசரப்பட வேண்டியதில்லை.

அலுவலகத்துக்கோ கல்லூரிக்கோ கொண்டு செல்லும் முதுகுப்பையே முதல் சில நடைகளுக்குத் தாராளமாகப் போதும். கனமான பொருள்களை முதுகை ஒட்டி வையுங்கள். பையின் வெளிப்பக்கத்தில் கனம் தொங்கினால் அது உடலைப் பின்னுக்கு இழுக்கும். பைக்குள் ஒரு பெரிய, தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து வாயைச் சுருட்டிவிட்டால், பெருமழையிலும் மாற்றுத்துணி நனையாது. மேலே போர்த்தும் உறையை விட இது நம்பகமானது, ஏனெனில் உறை போட்ட பின்னும் முதுகுப்பக்கம் திறந்தே இருக்கிறது. இவற்றுடன் டார்ச், விசில், ஒட்டுநாடா, சிறு கத்தரி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகள், பவர் பேங்க் ஆகியவற்றை எப்போதும் பைக்குள்ளேயே விட்டுவைக்கலாம்.

மிதமான நடைக்கு ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் என்பது பொதுவான தொடக்கக் கணக்கு. வெயிலும் ஏற்றமும் கூடினால் தேவையும் கூடும். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ எடை என்பதால் பலர் குறைத்து எடுத்துச் செல்ல விரும்புகிறார்கள். தண்ணீரில் மட்டும் அந்தச் சிக்கனம் வேண்டாம். பல மணி நேரம் வியர்த்துக்கொண்டே வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் குமட்டலும் வரலாம் என்பதால், தாகத்துக்கேற்பக் குடித்து, இடையிடையே உப்புள்ள உணவும் உண்ணுங்கள்.

ஏறும்போது பக்கத்தில் வருபவரிடம் மூச்சிரைக்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம். குழுவில் மிக மெதுவாக நடப்பவர் முன்னால் செல்லட்டும். இறங்கும்போது சிற்றடி வைத்து, முழங்காலைச் சற்றே வளைத்து நடந்தால் மூட்டில் விழும் அதிர்ச்சி குறையும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தொடைகளில் தோன்றும் வலிக்குப் பெரும்பாலும் இறக்கமே காரணம். தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால் அது வருகிறது, சில நாள்களில் தானே அடங்கும்.

மின்னலைக் கண்டதிலிருந்து இடியோசை கேட்பதற்குள் 30 விநாடி ஆகவில்லை என்றால், மின்னல் 10 கிலோமீட்டர் எல்லைக்குள் இருக்கிறது. உடனே உச்சியையும் வெட்டவெளியையும் தனித்து நிற்கும் மரங்களையும் விட்டு விலகி, கட்டடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ சென்று, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் பொறுத்திருங்கள். வழி தவறினாலோ அடிபட்டாலோ ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் அவ்வாறே ஊதுங்கள். மலைப்பகுதிகளில் பரவலாக அறியப்பட்ட ஆபத்துக் குறி அது. குப்பை முழுவதும், பழத்தோல் உட்பட, திரும்பப் பைக்குள்தான் வர வேண்டும்.

இரண்டு நடைகளுக்கு இடைப்பட்ட நாள்களிலும் பயிற்சிக்கு வழியுண்டு. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. லிஃப்டை விட்டுப் படியேறுவதும், கடைக்கு நடந்து சென்று சாமான்களை முதுகுப்பையில் சுமந்து வருவதும் அந்தக் கணக்கில் சேர்வதோடு, ஏற்றத்துக்கும் சுமைக்கும் உடலைப் பழக்குகின்றன.

நடை முடிந்து வீடு திரும்பிய அன்றே ஷூவின் உள்தகட்டை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, அது நனைய நனைய மாற்றி நிழலில் உலர்த்துங்கள். அடுப்பருகிலோ ஹீட்டரின் முன்போ வைத்தால் பசை இளகிவிடும். பையில் தீர்ந்த ஒட்டுநாடாவையும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும் அப்போதே நிரப்பிவிடுங்கள். பின்னர் ஒரு குறிப்பேட்டில் தொலைவு, ஏற்றம், எடுத்த நேரம், மிஞ்சிய தண்ணீர் ஆகியவற்றைக் குறித்து, நைஸ்மித் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில நடைகளுக்குள் அந்தக் கணக்கை எத்தனை மடங்காக்கினால் உங்கள் நேரம் வருகிறது என்பது தெரிந்துவிடும். அடுத்த புதிய பாதைக்கு அந்த அளவையே பயன்படுத்துங்கள்.