வால்பாறை மழைக்காட்டில் நாற்று நடப் போகும் குழுவுக்கு

பஸ்ஸுக்கு முன்பணம் கொடுக்குமுன் அனுமதியை முடியுங்கள். ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் நடக்க வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும்; வேலை எஸ்டேட் நிலத்தில் என்றால் எஸ்டேட்டின் சம்மதமும் வேண்டும். ஆள் 12 போதும். அதற்கு மேல் போனால் பாதிப்பேர் போட்டோதான் எடுப்பார்கள்.

நடவுக்கு ஜூன், ஜூலை. தென்மேற்கு மழையில்தான் வேர் பிடிக்கும். அட்டைகளுக்கும் அதே சீசன்தான்: முழங்கால் வரை வரும் அட்டை உறை ஆளுக்கு 2 ஜோடி, கூடவே ஒரு பொட்டலம் உப்பு. ஆழியாறிலிருந்து ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவு. இஞ்சி மொரப்பா கையில் இருக்கட்டும்.

முதல் நாள் வேலை உண்ணிச்செடி (லாண்டனா என்னும் களைப்புதர்) அகற்றுவது. தரையோடு வெட்டினால் அடுத்த மழையில் மறுபடி தழைத்துவிடும். மண்ணைக் கொஞ்சம் விலக்கி, தண்டு வேரோடு சேரும் இடத்துக்குக் கீழே வெட்டி, வேர் மேலே பார்க்கத் தலைகீழாகப் போடுங்கள். இடையில் நிற்கும் நாங்கு, குங்கிலியம் போன்ற காட்டு மரக் கன்றுகளைக் களையென்று பிடுங்குவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. உள்ளூர் ஆள் ஒருவர் முதலில் அவற்றுக்குக் கலர் துணி கட்டிவிடட்டும்.

நடும்போது நாற்றுப் பையைப் பக்கவாட்டில் கிழித்து, மண்கட்டி உடையாமல் இறக்குங்கள். பைகளை எண்ணியே திரும்பக் கொண்டுவாருங்கள்.

மாலை 5 மணிக்குள் தங்குமிடம். இருட்டியபின் தேயிலைக்காட்டுப் பாதை யானைகளுடையது.